டெராசோ தரையை உடைப்பதா, வைத்துக்கொள்வதா? பழைய வீட்டு அமைப்புகள் திரும்பி வருவது பற்றி

செந்தூல்வாசி எழுதியது:

வணக்கம். கோலாலம்பூர் செந்தூலில் எழுபதுகளில் கட்டிய ஒற்றைத் தள வரிசை வீடு ஒன்றை வாங்கியிருக்கிறோம். கூடத்தில் டெராசோ தரை. சாம்பல் சிமெண்டில் கறுப்பும் வெள்ளையும் பச்சையுமாகச் சலவைக்கல் சில்லுகள், நடுநடுவே பித்தளைப் பட்டைகள். சமையலறைக்கும் பின்கட்டுக்கும் இடையே துளைபோட்ட சிமெண்டுக் கற்களால் ஒரு சுவர். முன்னால் வைர வடிவம் வைத்த இரும்புக் கிரில். சன்னல்கள் எல்லாம் திருப்பித் திறக்கும் கண்ணாடிப் பட்டைகள்.

வீட்டு வேலைக் குத்தகையாளர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, அனைத்தையும் உடைத்துவிடலாம் என்றார். தரைக்கு என்ன போடுவீர்கள் என்று கேட்டேன். டெராசோ போலவே அச்சிட்ட போர்சலின் ஓடு இப்போது எல்லாரும் விரும்பிக் கேட்பது என்று மாதிரி எடுத்துக் காட்டினார். உண்மையான தரையைப் பெயர்த்தெடுத்துவிட்டு அதன் படத்தை ஒட்டுவதற்குப் பணம் தரவேண்டும் என்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஆனால் என் மாமியார், புதுமனை புகும்போது தரை பளபளவென்று புதிதாக இருக்கவேண்டும் என்கிறார். அவர் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது.

இப்போது காப்பிக் கடைக்குப் போனாலும் தங்கும் விடுதிக்குப் போனாலும் பிரம்பு நாற்காலி, பூப்போட்ட சிமெண்டு ஓடு, பச்சைக் கிரில்தான். இதில் எது வீட்டில் நிலைக்கும், எது இரண்டு ஆண்டில் சலித்துப்போகும்? இன்னொன்று. வீட்டின் நடுப்பகுதி பகலிலும் இருட்டாக இருக்கிறது. முன்பு அங்கே ஒரு திறந்த முற்றம் இருந்ததாம். பழைய உரிமையாளர் மேலே கூரை போட்டு அறையாக்கிவிட்டார். அதை மறுபடி திறக்கலாமா?

முற்றவெளி எழுதியது:

பினாங்கில் கட்டடக் கலைத் துறையில் இருக்கிறேன். தரையை உடைக்காதீர்கள்.

உங்கள் தரை பெட்டியில் வந்து இறங்கியதல்ல. அந்த வீட்டுக்குள்ளேயே செய்தது. சலவைக்கல் சில்லுகளைச் சிமெண்டோடு கலந்து ஊற்றி, இறுகிய பின் இயந்திரக் கல்லால் தேய்த்து, சில்லுகளின் முகம் வெளியே வரும்வரை தேய்த்து, அதன்மேல் மெருகேற்றியிருப்பார்கள். பித்தளைப் பட்டை அழகுக்கு மட்டும் வைத்ததல்ல. சிமெண்டு சுருங்கும்போது வெடிப்பு நெடுக ஓடாமல் அந்தந்தக் கட்டத்துக்குள் அடங்கவேண்டும் என்பதற்காக வைத்தது. ஆகவே மயிரிழை வெடிப்புகளைக் கண்டு அஞ்சவேண்டாம்.

ஒரு மரப்பிடியால் தரை முழுவதும் தட்டிப் பாருங்கள். ஓசை பொள்ளலாகக் கேட்கும் இடத்தில் அடியோடு பிடிப்பு விட்டிருக்கும். அந்த இடத்தை மட்டும் வெட்டியெடுத்துப் புதிதாக ஊற்றவேண்டும். மற்ற வெடிப்புகளை நிறம் ஒத்த சிமெண்டால் அடைத்து, வைரத் துகள் பதித்த வட்டுகளால் கரடிலிருந்து மென்மைக்குப் படிப்படியாகத் தேய்க்கவேண்டும். தண்ணீர் விட்டுத் தேய்த்தால் தூசி கிளம்பாது, சேறு வரும். அந்தச் சேற்றைக் கால்வாயில் ஊற்ற விடாதீர்கள், இறுகி அடைத்துக்கொள்ளும். வேலை தொடங்குமுன் ஒரு மூலையில் சிறு சதுரம் தேய்த்துக் காட்டச் சொல்லுங்கள். அதை உங்கள் மாமியாரிடம் காட்டுங்கள். பளபளப்பில் புது ஓட்டுக்கு அது இளைத்ததல்ல என்பதை அவரே பார்த்துக்கொள்வார்.

முற்றம் பற்றி: திறக்கலாம், திறக்கவும் வேண்டும். இந்நாட்டில் நடப்பில் உள்ள 1984-ஆம் ஆண்டின் சீர்நிலைக் கட்டடத் துணைச் சட்டங்கள், மக்கள் வசிக்கும் அறைக்கு அதன் தரைப்பரப்பில் 10 விழுக்காட்டுக்குக் குறையாமல் வெளிச்சத் திறப்பும், 5 விழுக்காட்டுக்குக் குறையாமல் காற்று தடையின்றிப் போகும் திறப்பும் கேட்கின்றன. இருபுறமும் அடுத்த வீட்டுச் சுவர் ஒட்டி நிற்கும் வரிசை வீட்டில் நடு அறைக்கு அந்த வெளிச்சமும் காற்றும் முற்றம் வழியாக வருவதே வழக்கம். அதை மூடினால் உள்ளே உள்ள அறைகள் மூச்சு முட்டிப்போகும். சூடான காற்று மேலே எழும்பி முற்றத்தின் வழியே வெளியேற, முன்னாலும் பின்னாலும் உள்ள திறப்புகள் வழியே புதுக்காற்று உள்ளே வரும். பினாங்கு ஜோர்ஜ்டவுனின் நூறடி நீளக் கடைவீடுகளில் குளிர்சாதனம் இல்லாத காலத்தில் மக்கள் வாழ்ந்தது இப்படித்தான். திறப்பதற்கு முன் மாநகர் மன்றத்தில் வரைபடம் கொடுத்து அனுமதி வாங்குங்கள். மழைநீர் வடிவதற்கான குழாயையும் அந்த வரைபடத்திலேயே காட்டிவிடுங்கள்.

சுண்ணாம்புச்சுவர் எழுதியது:

முற்றவெளி ஐயா சொன்னதோடு சுவரையும் சேர்க்கவேண்டும். செந்தூல் வீட்டுக்கு இது பொருந்தாது. ஆனால் இதைப் படிக்கிறவர்களில் போருக்கு முந்திய வீடு வைத்திருப்பவர்கள் இருப்பார்கள், அவர்களுக்காக எழுதுகிறேன்.

எங்கள் குடும்பம் பினாங்கு லெபோ பாசார் அருகே கடை வைத்திருந்தது. மேலே வீடு, கீழே மளிகை. அந்தச் சுவர்கள் மென்மையான செங்கல், சுண்ணாம்புச் சாந்து, சுண்ணாம்புப் பூச்சு. நிலத்திலிருந்து ஈரம் ஏறும், பூச்சு வழியே ஆவியாகிப் போய்விடும். சுவர் உலர்ந்துகொண்டே இருக்கும். அதன்மேல் சிமெண்டு பூசி, நெகிழிச் சாயம் அடித்தால் ஈரம் உள்ளே சிறைப்படும். உப்பு பூத்துச் சாயத்தைப் பொத்துக்கொண்டு வரும், செங்கல் பொடியாக உதிரும். "பழைய வீடென்றால் சுவர் ஊறத்தான் செய்யும்" என்று சொல்லிச் சொல்லி மேலும் மேலும் சிமெண்டு பூசுகிறார்களே, அது எனக்குப் பெரிய வருத்தம். அந்த ஊறலுக்குக் காரணமே சிமெண்டுதான். அதைச் சுரண்டி எடுத்து, நன்றாக நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பைப் பூசினால் சுவர் மெல்ல மெல்லத் தேறிவிடும்.

பினாங்கு லெய்த் தெருவில் இருக்கும், சீன வணிகர் சியோங் ஃபாட் சேயின் மாளிகையைப் பாருங்கள். சுண்ணாம்பில் அவுரி நீலம் கலந்து அடித்த சுவர் அது. ஐந்து முற்றங்கள், முப்பத்தெட்டு அறைகள். அதைச் சீரமைத்த பணிக்கு 2000-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுரிமை விருது கிடைத்தது. எல்லாரும் அந்த நீலத்தைப் படம் எடுக்கிறார்கள். இப்போது அதே நீலத்தைச் சாய டப்பாவில் வாங்கி வீட்டில் அடிக்கிறார்கள். அடிக்கட்டும். ஆனால் அந்தச் சுவர் வெயிலில் ஓரிடம் அடர்ந்தும் ஓரிடம் வெளுத்தும் தெரிவது சுண்ணாம்பினால். டப்பாச் சாயத்தில் அது வராது.

லயத்துப்பிள்ளை எழுதியது:

எல்லாரும் எழுதியதைப் படித்தேன். எனக்கு வேறு ஒன்று சொல்ல இருக்கிறது. கடுமையாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசைக் குடியிருப்பில், பிறந்தவள். தகரக் கூரை, பலகைச் சுவர், சிமெண்டு பூசாத இடத்தில் மண் தரை. பிரம்பு நாற்காலியும் அகன்ற தாழ்வாரமும் மரச் சட்டச் சன்னலும் மேட்டிலிருந்த துரை பங்களாவில் இருந்தன. என் அம்மா அங்கே துடைக்கப் போனார். இன்று "அந்தக் காலத்து வீடு" என்று படம் போடுகிறவர்கள் காட்டுவது முழுக்க அந்த பங்களாவை, அல்லது சீன வணிகரின் மாளிகையை. எங்கள் அந்தக் காலம் அதில் இல்லை.

தோட்டத்தை விட்டு வெளியேறி, பட்டர்வொர்த்தில் குறைந்த விலை வீடு ஒன்று கிடைத்தபோது அப்பா முதலில் செய்தது தரைக்கு வெள்ளை ஓடு பதித்தது. அந்த ஓட்டை வடிவமைப்புக்காரர்கள் ரசனை கெட்டது என்பார்கள். எங்களுக்கு அது, இனி மழைக்குத் தரை ஈரமாகாது, பிள்ளைகள் தரையில் படுத்துப் படிக்கலாம் என்பதற்கான உறுதி. செந்தூல்வாசியின் மாமியார் புதுத் தரை கேட்பதன் பின்னால் இப்படி ஒரு வாழ்க்கை இருக்கலாம். அவரைப் "பழமையின் அருமை தெரியாதவர்" என்று இங்கே யாரும் எண்ணிவிடக் கூடாது.

கம்பிக்கதவு எழுதியது:

நான் கிரில் பற்றவைக்கும் வேலை செய்கிறேன். அந்த வைர வடிவக் கிரிலை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். இப்போது கடையில் வருவது மெல்லிய குழாய், உள்ளே ஈரம் போய் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். பழைய கிரில்களில் பெரும்பாலானவை திடக் கம்பியும் பட்டையும். துரு மேலே மட்டும் இருக்கும். சுரண்டி, துருத் தடுப்புப் பூச்சு இரண்டு முறை அடித்து, எண்ணெய்ச் சாயம் அடித்தால் போதும். சுவருக்குள் புதைந்த நுனிகளை மட்டும் கவனமாகப் பாருங்கள். அங்கேதான் அரிக்கும்.

படுக்கையறைச் சன்னல் ஒன்றிலாவது உள்ளிருந்து திறக்கும் கதவு வைத்துக் கிரிலை மாற்றிக்கொள்ளுங்கள். பழைய வீடுகளில் கிரில் முழுவதும் மூடியே இருக்கும். தீப்பிடித்தால் வெளியே வர வழி இருக்காது. அழகு எப்படி இருந்தாலும் இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

சுண்ணாம்புச்சுவர் எழுதியது:

லயத்துப்பிள்ளை அக்கா, நீங்கள் சொன்னது உண்மை. எங்கள் பக்கத்துக் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜோர்ஜ்டவுன் கடைவீடுகளில் குறைந்த வாடகைக்குக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருந்தன என்றால், 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒரு காரணம். அது நீக்கப்பட்டு, 2000-ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து வாடகை சந்தை விலைக்குப் போனது. நிறையப் பேர் வெளியேறினார்கள், நாங்களும்தான். 2008-இல் நகரம் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. எங்கள் பழைய வரிசையில் இப்போது விடுதிகளும் காப்பிக் கடைகளும். முற்றத்தில் நாங்கள் மிளகாய் காயவைத்த இடத்தில் மேசை போட்டிருக்கிறார்கள்.

அதற்காக அந்த முற்றத்தின் மீது எனக்குக் கோபம் இல்லை. அந்த வீடு எங்களை நன்றாக வைத்திருந்தது. பங்குனி வெயிலிலும் கீழ்த்தளம் குளிர்ந்தே இருக்கும். அந்தக் குளிர்ச்சி விடுதிக்குக் காசு கொடுக்கிறவர்களுக்கு மட்டும் கிடைப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. செந்தூலில் ஒரு சாதாரணக் குடும்பம் தன் வீட்டு முற்றத்தை மறுபடி திறக்க நினைப்பது எனக்கு மகிழ்ச்சி தருகிறது.

முற்றவெளி எழுதியது:

லயத்துப்பிள்ளை எழுதியதை நான் பலமுறை படித்தேன். எங்கள் துறையில் இருப்பவர்கள் கேட்டாகவேண்டிய பேச்சு அது.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். யாருடைய வீட்டிலிருந்து வந்தது என்று பார்த்தால், திரும்பி வருகிறவற்றில் பாதி நமக்கு உரியதல்ல. அதனால் நான் வேறு கேள்வி கேட்கிறேன்: கெட்டுப்போனால் அதைச் சரிசெய்ய முடியுமா? டெராசோ மங்கினால் தேய்க்கலாம். எத்தனை முறை தேய்த்தாலும் அடியில் இருப்பதும் அதே கல்தான். சுண்ணாம்பு வெளுத்தால் பண்டிகைக்கு முன் நாமே ஒரு கை அடிக்கலாம். கண்ணாடிப் பட்டைச் சன்னலில் ஒரு பட்டை உடைந்தால் அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம். அச்சிட்ட ஓட்டில் நிறம் தோலளவுதான். கனமான சட்டி விழுந்து ஒரு மூலை தெறித்தால் அடியிலிருக்கும் களிமண் நிறம் தெரியும், அதே ஓடு அடுத்த ஆண்டு கடையில் கிடைக்காது. வரவு குறைந்த குடும்பத்துக்குத்தான் சரிசெய்யக்கூடிய பொருள் அதிகம் தேவை. உங்கள் அப்பா பதித்த வெள்ளை ஓடும் இத்தனை ஆண்டு உழைத்திருக்கிறது என்றால் அதையும் உடைக்கக் கூடாது என்றே சொல்வேன்.

துளைக்கல் சுவரும் அப்படியே. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் இங்கே பள்ளிக்கூடங்கள், அடுக்குமாடி நடைகள், வீடுகள் எல்லாவற்றிலும் வைத்தார்கள். மலிவு, வெயிலை மறைக்கும், காற்றை விடும். இப்போது அதையே ஒரு பக்கச் சுவரில் ஒட்டி, பின்னால் செங்கல் வைத்து அடைத்துவிடுகிறார்கள். காற்று போகாத துளைக்கு என்ன பயன்? செந்தூல்வாசியின் சுவர் வேலை செய்கிற சுவர். சாரல் உள்ளே வந்தால் வெளியே சுவரிலிருந்து நீளும் ஒரு சிறு சஜ்ஜா போடுங்கள், துளைகளை அடைக்காதீர்கள்.

பதினேழாம்மாடி எழுதியது:

சொந்தமாக உடைக்கவும் கட்டவும் சுவரே இல்லாத எங்களைப் போன்ற, கொண்டோ அடுக்குமாடியில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு எஞ்சுவது நாற்காலி மேசைதான். அதில் நான் கண்டது சிலவற்றைப் பகிர்கிறேன்.

பிரம்புப் பின்னல் வைத்த நாற்காலியில் உட்காரும் இடம் தொய்ந்துவிட்டால் தூக்கிப் போடாதீர்கள். கவிழ்த்து, பின்னலின் அடிப்பக்கத்தில் வெந்நீரில் நனைத்த துணியை வைத்து நன்றாக ஊறவிடுங்கள். யாரும் உட்காராமல் நிழலில் காயவையுங்கள். காயும்போது பிரம்பு சுருங்கி இறுகிவிடும். கண்ணி அறுந்திருந்தால் மட்டும் இது உதவாது. குளிர்சாதனக் காற்று நேரே படும் இடத்தில் பிரம்பு காய்ந்து வெடிக்கும். சன்னலைத் திறக்காத ஈர அறையில் பூசணம் பிடிக்கும். இரண்டுக்கும் நடுவே வைக்கவேண்டும்.

லயத்துப்பிள்ளை அக்காவுக்கு ஒன்று. இரும்புச் சட்டத்தில் பச்சை, சிவப்பு நெகிழிக் கயிறு சுற்றிய நாற்காலி உங்கள் வீட்டில் இருந்திருக்குமே? அது எந்த பங்களாவிலிருந்தும் வந்ததல்ல. முடிதிருத்தும் கடையிலும் தோட்டத்து வீட்டு வாசலிலும் கல்யாண வீட்டிலும் இருந்தது. அதுவும் இப்போது திரும்பி வந்திருக்கிறது. பழைய சட்டம் கிடைத்தால் கயிறு வாங்கி நாமே சுற்றிக்கொள்ளலாம். பினாங்கில் லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையிலும், கோலாலம்பூர்ப் பக்கம் பெட்டாலிங் ஜெயா ஆம்கோர்ப் மால் சந்தையிலும் தேடிப் பாருங்கள். வாங்கும்போது பற்றவைத்த மூட்டுகளை ஆட்டிப் பார்க்கவேண்டும். மரச்சாமான் என்றால் கவிழ்த்து, கால்களின் அடியில் துளையும் மரத்தூளும் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே விலை பேசுங்கள். பூச்சி இருக்கும் ஒரு நாற்காலி வீட்டிலுள்ள மற்ற மரத்துக்கும் அதைக் கொண்டு வரும்.

லயத்துப்பிள்ளை எழுதியது:

இருந்தது. சிவப்புக் கயிறு. அப்பா மாலையில் வாசலில் போட்டு உட்கார்ந்து பத்திரிகை படிப்பார். வேறு யாரும் அதில் உட்கார மாட்டோம். நினைவூட்டியதற்கு நன்றி தம்பி. சட்டம் ஒன்று தேடிப் பார்க்கிறேன்.

முற்றவெளி ஐயா, சரிசெய்ய முடியுமா என்ற கேள்வி எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் சரிசெய்யத் தெரிந்த கைகளுக்கு நல்ல கூலி கொடுக்கவேண்டும் என்பதையும் அதோடு சேர்த்துச் சொல்லுங்கள். அச்சிட்ட ஓட்டுக்குக் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு, தரை தேய்க்க வரும் ஆளிடம் பேரம் பேசினால் அந்தத் தொழில் எப்படி நிலைக்கும்?

சுகாதாரப்பணி எழுதியது:

நான் பொதுச் சுகாதாரத் துறையில் வேலை செய்கிறேன். அழகைப் பற்றி நிறையப் பேசிவிட்டீர்கள். மூன்று எச்சரிக்கைகள்.

எழுபதுகளின் வீடு என்றால் கூரையிலோ உட்கூரையிலோ கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்த சிமெண்டுத் தகடு இருக்க வாய்ப்பு உண்டு. உடையாமல் இருக்கும்வரை பெரிய தொல்லை இல்லை. அறுத்தாலும் துளைத்தாலும் உடைத்தாலும் கண்ணுக்குத் தெரியாத இழைகள் காற்றில் கலக்கும். நுரையீரலைப் பல ஆண்டுகள் கழித்துக் கெடுக்கும். ஆகவே முற்றத்துக் கூரையைப் பிரிப்பதற்கு முன் அது என்ன தகடு என்று சோதித்துக்கொள்ளுங்கள். கல்நார் என்றால் முறையாக அகற்றத் தெரிந்தவர்களே செய்யவேண்டும். சாதாரண வேலையாள்களைச் சுத்தியலோடு மேலே ஏற்றாதீர்கள்.

பழைய சன்னல், கதவுச் சாயத்தில் ஈயம் இருக்கலாம். உலரத் தேய்த்துத் தூசி கிளப்பவேண்டாம். சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதில் இன்னும் கவனம் வேண்டும்.

திறந்த முற்றத்தில் தொட்டியும் தாமரையும் வைக்க எல்லாருக்கும் ஆசை. டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் தேங்கிய தெளிந்த நீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். தொட்டியில் குப்பி மீன் விடுங்கள். பூத்தொட்டித் தட்டுகளை வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள், முட்டை விளிம்பில் ஒட்டியிருக்கும். கோலாலம்பூரில் டிங்கி ஆண்டு முழுதும் இருக்கிறது.

செந்தூல்வாசி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. கல்நார் பற்றிச் சொல்லியிருக்காவிட்டால் முற்றத்துக் கூரையை நேராகப் பிரிக்கச் சொல்லியிருப்போம். தகட்டைச் சோதிக்க ஏற்பாடு செய்கிறோம். அதன் முடிவு வந்த பிறகே மாநகர் மன்றத்துக்கு வரைபடம்.

தரையைத் தட்டிப் பார்த்தோம். வாசல் பக்கம் ஒரு கட்டம் மட்டும் பொள்ளலாக ஒலிக்கிறது. தேய்க்கும் தொழிலாளி ஒருவர், கிள்ளானிலிருந்து வந்த பெரியவர், கூடத்து மூலையில் சிறு சதுரம் தேய்த்துக் காட்டினார். மாமியார் அருகில் நாற்காலி போட்டு முடியும்வரை பார்த்தார். பிறகு, பூசையறையிலும் இதே தரையை நீட்டிப் போட முடியுமா என்று அவரிடமே கேட்டார். முடியும் என்றார் பெரியவர். பேரம் பேசவில்லை அக்கா.

கிரில் இருக்கும். படுக்கையறையில் திறக்கும் கதவு வைக்கிறோம். கண்ணாடிப் பட்டைச் சன்னல்களில் கொசுவலை பொருத்துகிறோம். சுவருக்கு நீலம் அடிக்கும் ஆசையைக் கைவிட்டோம், வெள்ளைதான்.

கடைசியாக ஒரு சந்தேகம். சமையலறைத் தரையும் டெராசோ. அடுப்பு மேடைக்கு மட்டும் பூப்போட்ட சிமெண்டு ஓடு, காரைக்குடிப் பக்கம் ஆத்தங்குடியில் செய்கிறார்களே அதுபோல், வைக்கலாமா என்று கணவர் கேட்கிறார். எங்கள் சமையலில் மஞ்சளும் புளியும் இல்லாத நாள் கிடையாது.

முற்றவெளி எழுதியது:

அடுப்பு மேடைக்கு வேண்டாம். ஆத்தங்குடி ஓடு சூளையில் சுடாதது. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சுச் சட்டம் வைத்து, நிறச் சிமெண்டை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் இட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்துப் பதப்படுத்துகிறார்கள். மேலே கண்ணாடிப் பூச்சு கிடையாது, ஆகவே எதையும் உறிஞ்சும். மஞ்சள் இறங்கினால் வெளியே வராது. புளியும் எலுமிச்சையும் சிமெண்டையும் சலவைக்கல்லையும் அரித்து, மெருகை எடுத்து வெள்ளைத் திட்டாக்கிவிடும். கணவர் ஆசைப்பட்டால் அந்த ஓட்டைப் பூசையறை வாசலிலோ முன் தாழ்வாரத்திலோ பதியுங்கள். நடக்க நடக்க, துடைக்கத் துடைக்க அதற்குப் பளபளப்பு ஏறும். மேடைக்குக் கறுப்புக் கிரானைட் போதும்.

சமையலறை டெராசோவுக்கு, தேய்த்து முடித்த பின் உள்ளிறங்கும் வகைச் சீலர், அதாவது காப்புப் பூச்சு, அடிக்கச் சொல்லுங்கள். மேலே படலமாக நிற்கும் வகை வேண்டாம், அடுப்படியில் உரிந்துவிடும். அதற்குப் பிறகும் புளித்தண்ணீர் சிந்தினால் உடனே துடைக்கவேண்டும். வினிகர், எலுமிச்சை சேர்ந்த தரை கழுவும் திரவங்களை அந்த வீட்டுப் பக்கமே கொண்டுவராதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் மிதமான சோப்பு போதும்.